வேகம் இருக்கிறது, குறும்பு இல்லை: ஆர்கெஸ்ட்ரா பீஸுக்கு யோசனை வேண்டும்

கேள்வி:
வணக்கம். முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு 5 நிமிட பீஸ் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். டெம்போ 160, அதாவது நிமிடத்துக்கு 160 பீட். சுறுசுறுப்பும் குறும்பும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசை. கணினியில் ஓடவிட்டுக் கேட்டால் வேகமாகத்தான் போகிறது, ஆனால் ஒரே கனம். மெட்டு கிளாரினெட்டில் தொடங்குகிறது, ஒரே சுரத்தை ஒரு பீட்டுக்கு நான்காகப் படபடவென்று தட்டுகிற மாதிரி. அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டு கடைசிவரை வாசிக்கிறார்கள். தாள வாத்தியங்களை இன்னும் கூட்டவா?

பதில்:
கூட்ட வேண்டாம், ஆளைக் குறையுங்கள். நான் பஸூன் (தாழ்ந்த குரல் கொண்ட ஊதும் வாத்தியம்) வாசிக்கிறவன். குறும்பு எங்கள் வரிசையில் எப்போது வருகிறது என்றால், சுற்றிலும் காலி இடம் இருக்கும்போதுதான். மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோ’ ஓபராவின் ஓவர்ச்சர், அதாவது முன்னிசை (1786), எப்படித் தொடங்குகிறது என்று கேளுங்கள். தந்தி வாத்தியங்களும் பஸூனும் மட்டும், மிக மெல்ல, ஆனால் பரபரவென்று. சில பார் (தாளச் சுற்று) கழித்துத்தான் மொத்தக் கூட்டமும் வெடிக்கிறது. அந்தச் சில பாருக்குள் என்னவோ நடக்கப்போகிறது என்று காது நிமிர்ந்துவிடும்.

இன்னொன்று, கிளாரினெட். 160-இல் பீட்டுக்கு நான்கு என்றால் நொடிக்கு பத்துக்கு மேல். கணினிக்கு நாக்கு கிடையாது, எதையும் வாசித்துவிடும். மனிதர்களில் பெரும்பாலோருக்கு ஒற்றை நாக்கில் (ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு நுனியால் தட்டுவது) அந்த வேகம் நிற்காது. ஒரே சுரம் என்பதால் நாக்கால் தட்டாமல் சேர்த்து ஊதவும் வழியில்லை. ஃப்ளூட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் இரட்டை நாக்கு (நாக்கின் நுனியாலும் பின்பகுதியாலும் மாறி மாறித் தட்டுவது) சகஜம், அங்கே மாற்றுங்கள். கிளாரினெட்டிலேயே வேண்டுமென்றால் சுரங்களை நகர்த்தி, இரண்டைச் சேர்த்து இரண்டைத் தட்டச் சொல்லுங்கள். அந்த நொண்டல் நடையே துள்ளலாகக் கேட்கும்!

இன்னொரு பதில்:
செல்லோக்காரனாக ஒரு வார்த்தை. பிட்ஸிகாட்டோவை, அதாவது தந்தியை விரலால் சுண்டி வாசிப்பதை, மறக்காதீர்கள். சைக்கோவ்ஸ்கியின் 4-ஆம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி முழுக்கத் தந்திக்காரர்கள் வில்லையே தொடுவதில்லை. நடுவில் மரக்காற்று வாத்தியங்கள் (ஃப்ளூட், கிளாரினெட் போன்றவை), பிறகு பித்தளை வாத்தியங்கள் (டிரம்பெட் போன்றவை), ஒவ்வொரு கூட்டமும் தன் விஷயத்தோடு வந்து போகிறது. கடைசியில் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுகிறார்கள். ஆனால் விரலிலிருந்து வில்லுக்கு மாற ஒரு பாராவது கொடுங்கள், ப்ளீஸ்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! மெட்டை ஃப்ளூட்டுக்கு மாற்றி, முதல் நிமிடத்தில் பித்தளையை எடுத்துவிட்டேன். இப்போதே இலேசாகிவிட்டது. நடுவில் எல்லோரையும் சட்டென்று நிறுத்தி ஒரு பார் மௌனம் வைக்கலாமா?

பஸூன் வாசிப்பவர்:
தாராளமாக. ஆனால் முன்னால் இரண்டு முறை அதே வாக்கியத்தை முழுசாக முடித்துக் காட்டுங்கள். மூன்றாம் முறை முடியப்போகிற இடத்தில் வெட்டினால்தான் மௌனம் சிரிக்கும். அதற்குப் பிறகு வருவது பெரிய சத்தமாக இருக்க வேண்டாம். மிக மேலே பிக்கலோவும் மிகக் கீழே டபுள் பேஸும் மட்டும், நடுவில் யாருமே இல்லாமல், விட்ட வாக்கியத்தை முடிக்கட்டும். பேஸுக்கு மட்டும் சுரங்களைக் குறைத்து எழுதுங்கள், கீழ்த்தந்தி பேச ஒரு கணம் பிடிக்கும். திருத்திய ஸ்கோரை இங்கே போடுங்கள், பஸூன் வரியை வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.