டர்போ காரில் இழுவை குறைந்தபோது: உங்கள் அனுபவங்கள்

மலைப்பாதை:
பர்லியாறு தாண்டியதும் என் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் இழுவையை இழந்து லிம்ப் மோடுக்கு (எஞ்ஜினைக் காக்கக் கணினியே சக்தியைக் குறைத்துவிடும் நிலை) போய்விட்டது. ஸ்கேனரில் வந்த பழுதுக் கோடு பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ எஞ்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு. நான் காட்டிய பணிமனையில் டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். மேட்டுப்பாளையம் வரை குறையின்றி ஓடிய வண்டி என்பதால் என் மனம் அதை ஏற்கவில்லை. குழாய்களில் புகையைச் செலுத்திக் கசிவு தேடும் புகைச் சோதனையிலும் எதுவும் அகப்படவில்லை. பிறகு நண்பரின் பட்டறையில் டர்போவின் வாயை அடைத்து, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை ஏற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸின் அடிப்பக்கத்தில் நகத்தளவு வெடிப்பு ஒன்று மெல்ல வாய் திறந்து நுரை கக்கியது. அழுத்தம் இறங்கியதும் அது மூடிக்கொண்டது. விரலால் தடவினாலும் தெரியவில்லை. கடல்மட்டத்தில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் கிடைக்கும் மொத்த அழுத்தத்தை, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் பெற ஏறக்குறைய 2.6 மடங்கு அழுத்த வேண்டும். சமவெளியில் கசிவை ஈடுகட்டிய டர்போவுக்கு மலையில் அந்த மிச்சத் திறன் இல்லை. நல்ல டர்போ ஒன்றைக் கழற்றி எறிந்திருப்போமே என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

மூன்றாம் கியர்:
இழுவை குறைந்தாலே ஹோஸைத் தேட வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. நானும் அப்படித்தான் இரண்டு மாதம் கசிவைத் தேடினேன். ரீமேப் செய்த (கூடுதல் சக்திக்காக எஞ்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிய) என் காரில், மூன்றாம் கியரில் முழுதாக மிதிக்கும்போது மட்டும் ஒரு வெட்டு வரும், கோடு பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. இரண்டாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) மூன்றாவதற்கு மாற்றிப் போட்டேன். கோடு அதனோடு பி0303 ஆக நகர்ந்திருந்தால் காயில் பழுது என்று முடிந்திருக்கும், அது நகரவில்லை. பிளக்கைக் கழற்றி அளந்தபோது இடைவெளி 0.9 மி.மீ. இருந்தது. பூஸ்ட் கூடக்கூட அந்த இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். புதிய பிளக்குகளை 0.7 மி.மீ. வைத்துப் போட்ட அன்றே வெட்டு நின்றது.

டிராக் நாள்:
இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிவிட்டு வந்த மறுநாள், டிப்ஸ்டிக் (எஞ்ஜின் எண்ணெய் அளவைப் பார்க்கும் கம்பி) தன் குழாயிலிருந்து அரை அங்குலம் மேலெழும்பி நின்றதைப் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் மூன்று சிலிண்டர்கள் 165 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட, இரண்டாவது 95 மட்டுமே காட்டியது. இந்த நிலைக்கு வருபவர்களுக்குச் சில விவரங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றி, முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். அத்தோடு நிறுத்தாமல் லீக்-டவுன் சோதனையும் செய்யுங்கள். கம்ப்ரெஷன் முடிவில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, காற்றைச் செலுத்தி, அது எங்கே வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். எனக்கு எண்ணெய் ஊற்றும் வாயில் சீறல் கேட்டது, அதாவது காற்று பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது; டிப்ஸ்டிக்கை மேலே தள்ளியதும் அந்த அழுத்தம்தான். அதைக் கேட்ட பிறகே எஞ்ஜினைப் பிரிக்கச் சம்மதித்தேன். இரண்டாவது பிஸ்டனில் வளையங்களுக்கு நடுவிலிருந்த விளிம்பு உடைந்திருந்தது.