பழைய ரயில் தடத்தில் ஐந்து நாள்: பிட்ஸ்பர்க் – கம்பர்லண்ட் மிதிவண்டிப் பயணம்

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இறுதியில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லண்ட் வரை, ரயில் ஓடி ஓய்ந்த தடத்தின் மேல் அமைத்த 'கிரேட் அலெகேனி பாசேஜ்' என்னும் பாதை 241 கிலோமீட்டர் நீளத்துக்கு, பெரும்பகுதி ஆற்றோரமாகவே, காரும் லாரியும் வராமல் செல்கிறது என்று மகள் சொன்ன நாள் முதல் எனக்கு வேறு நினைவே இல்லை.

எனக்கு 56 வயது. ஞாயிறுதோறும் தேவனாம்பட்டினத்தில் புறப்பட்டுப் புதுச்சேரி போய்த் திரும்புவதுதான் என் பழக்கம். மனைவி ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் ஓட்டுவார். ரயில் பாதை சமதளமாகத்தான் இருக்கும், மூன்று நாள் போதும் என்கிறார் ஒரு நண்பர். எனக்கு அவ்வளவு துணிவு வரவில்லை. எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், எந்த முனையில் தொடங்குவது நல்லது, கேப்பர் மலையை விட்டால் மேடே இல்லாத நம் ஊரில் எப்படிப் பயிற்சி செய்வது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நாங்கள் சைவ உணவு உண்பவர்கள்.

முத்தியால்பேட்டைப் பெண் (புதுச்சேரி):

ஐயா, சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தம்பியும் இந்தப் பாதையைக் கம்பர்லண்டில் தொடங்கி ஐந்து நாளில் முடித்தோம். மூன்று நாள் என்றவர் நல்ல ஓட்டக்காரராக இருக்கலாம். உங்கள் இருவருக்கும் அது வேண்டாம்.

முதலில் மேட்டைப் பற்றிச் சொல்கிறேன். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு என்பதால், பாதை போட்டவர்கள் நூறு அடிக்கு இரண்டடிக்கு மேல் ஏற்றம் வராதபடி குன்றைக் குடைந்தும் பள்ளத்தின் மேல் பாலம் கட்டியும் தடத்தைக் கொண்டுசென்றார்கள். பாதையின் உச்சி 729 மீட்டர் உயரத்தில் உள்ள கிழக்கு நீர்ப்பிரிமேடு. அதன் ஒரு பக்கம் பெய்யும் மழை பொடோமாக் ஆற்றின் வழியாக அட்லாண்டிக்குக்கும், மறுபக்கம் பெய்வது ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. கம்பர்லண்டிலிருந்து வந்தால் அந்த உச்சியை 38 கிலோமீட்டரில் ஏற வேண்டும், பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் 203 கிலோமீட்டரில் ஏறலாம். முதல் நாளே கஷ்டத்தை முடித்துவிட வேண்டும் என்று நாங்கள் கம்பர்லண்டைத் தேர்ந்தோம்.

உண்மையில் எங்களை வருத்தியது சமதளம்தான். நம் சாலையில் வேகத்தடையும் பள்ளமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நம்மைச் சீட்டிலிருந்து எழுப்பிவிடுகின்றன. அங்கே எழுப்ப ஒன்றும் இல்லாததால், மிதிப்பதை நிறுத்தாமல் மணிக்கணக்கில் ஒரே இருப்பில் உட்கார்ந்து, இரண்டாம் நாள் மாலை தம்பி நின்றபடியே சாப்பிட்டான். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள், ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். நாள்கணக்கில் ஓட்டிப் பழகிய உங்கள் சொந்தச் சீட்டைக் கழற்றி எடுத்துச் சென்று வாடகை வண்டியில் மாட்டிக்கொள்வது, மற்ற எந்தச் செலவையும்விடப் பயன் தரும்.

தரை பெரும்பாலும் பொடித்த சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் அது டயரைப் பிடித்து இழுக்கும், செயினில் சாந்துபோல் அப்பிக்கொள்ளும். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவர் அங்கே 15 என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இதற்கு ஆரோவில்லின் செம்மண் தடங்களைவிட நல்ல பயிற்சிக் களம் நம் பக்கத்தில் இல்லை.

நாளைக் கிலோமீட்டரால் பிரிக்காமல் சோறும் படுக்கையும் கிடைக்கும் ஊர்களால் பிரியுங்கள். கம்பர்லண்டிலிருந்து மேயர்ஸ்டேல் 51, அங்கிருந்து கான்ஃப்ளூயன்ஸ் 49, கானல்ஸ்வில் 42, வெஸ்ட் நியூட்டன் 41, பிட்ஸ்பர்க் 58. இவற்றில் பல சிற்றூர்கள், உணவகங்கள் சீக்கிரமே மூடிவிடும். சைவம் என்றால் காலையில் ரொட்டியும் மாலையில் பீட்சாவும் கிடைக்கும். அதில் மூன்றாம் நாள் சலிப்பு வந்துவிடும். கையில் அவல் இருந்தால் தயிர் மட்டும் வாங்கிச் சமாளிக்கலாம். நாங்கள் அப்படித்தான் பிழைத்தோம்.

நெய்வேலி நடுவண்டி:

அம்மா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், திசையைத் தவிர. தங்குமிடம் பிட்ஸ்பர்க்கில் இருக்கும்போது கம்பர்லண்ட் போய்த் தொடங்குவது வீண் அலைச்சல். இரண்டு ஊர்களையும் இணைக்க நாளுக்கு ஒரே ஒரு ரயில்தான் உண்டு. அது பிட்ஸ்பர்க்கில் விடியுமுன் புறப்படும், மிதிவண்டிக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். தூக்கம் கெட்டு இறங்கி உடனே 38 கிலோமீட்டர் ஏறுவதா? வீட்டு வாசலில் தொடங்கினால், கடைசி நாள் மேயர்ஸ்டேலிலிருந்து 13 கிலோமீட்டர் ஏறிய பின் கம்பர்லண்ட் வரை 38 கிலோமீட்டர் இறக்கம் கிடைக்கும்.

அந்த இறக்கத்தின் தொடக்கத்தில் பிக் சாவேஜ் குகைப்பாதை வரும், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். விளக்கு உண்டு என்றாலும் சொந்த விளக்கு அவசியம். உள்ளே குளிரும். கசியும் நீர் உறைந்து சுவரைக் கெடுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் இரு வாயில்களையும் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள், எனவே உங்கள் மாதத் தேர்வு சரிதான். அக்டோபர் முதல் பாதியில் மலைப்பகுதியில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். இரவுக் குளிர் நம் மார்கழியைவிடக் கடுமை. கையுறை இல்லாமல் விடியற்காலையில் பிரேக் பிடிக்க வராது.

இன்னொன்று: அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், முந்தும்போது இடப்பக்கமாக மணியடித்துச் செல்ல வேண்டும். எதிரே ஒருவர் திடீரென வந்தால் நம் கை தானாக இடப்பக்கம் திருப்பும். எனக்கு அப்படி ஒரு நாளில் இருமுறை நேர்ந்தது.

நமக்கு ஏன் இப்படி ஒரு பாதை இல்லை என்று அடிக்கடி நினைப்பேன். விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் கேஜ் தடத்தின் மேலேயே அகலப் பாதை போட்டுவிட்டார்கள். ரயிலுக்கு அது நல்லது, நமக்குத்தான் தடம் மிஞ்சவில்லை.

முத்தியால்பேட்டைப் பெண்:

ரயில் விஷயத்தில் நெய்வேலியார் சொல்வது சரி, அந்த அதிகாலையை நான் மறந்தே போனேன். ஆனால் பிட்ஸ்பர்க்கில் தொடங்கினால் மிக நீண்ட நாளான 58 கிலோமீட்டர் முதல் நாளாக வந்துவிடும். 20 ஓட்டும் அம்மாவுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள்.

கெடிலக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிட்ஸ்பர்க்கிலிருந்தே தொடங்குகிறோம். முதல் நாள் நான் மட்டும் வீட்டிலிருந்து ஓட்டுவேன். மனைவி மகளுடன் காரில், வழியில் உள்ள மெக்கீஸ்போர்ட் வந்து சேர்ந்துகொண்டால் வெஸ்ட் நியூட்டன் வரை அவருக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர்தான் இருக்கும். ஐந்தாம் நாள் மாலை மகளே கம்பர்லண்டுக்கு வந்து எங்களை அழைத்துச் செல்வாள். அதற்குள் மனைவி தொடர்ந்து நான்கு நாள் 45 கிலோமீட்டர் ஓட்டிப் பழக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புறப்படுவதால் ஆடி, ஆவணி மாதங்கள் முழுதும் கையில் இருக்கின்றன.

பக்கப் பைகளில் சுமையோடு பழகுவதற்காக நாளை முதல் இரு பக்கமும் ஐந்து ஐந்து கிலோ அரிசி கட்டி ஓட்டப்போகிறேன். ஆரோவில் செம்மண் தடத்தில் எந்தப் பகுதி அதிக மணல் இல்லாமல் இருக்கும் என்று முத்தியால்பேட்டை அம்மா தெரிவித்தால், அடுத்த ஞாயிறு இருவரும் அங்கே வருகிறோம்.