நெல் காயப்போட்ட வீதியில் விட்டுப்போன கல்: கால் முறிந்தவர் கையெழுத்து வைக்கலாமா?

எழுவான்கரையான்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் மச்சானுக்கு 31 வயது, மேசன் வேலை. மட்டக்களப்பு டவுனில் ஒரு வீட்டு வேலை முடித்துவிட்டு மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பைக்கில் வந்துகொண்டிருந்தார். ஆறே முக்கால், மம்மல் நேரம். அந்த வீதியில் பாதியை அடைத்துப் பகல் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். அவர் வந்தபோது நெல்லை அள்ளி மூட்டை கட்டி ஏற்றியாகிவிட்டது. நெல்லைச் சுற்றி வாகனம் ஏறாமல் இருக்க வைத்த கற்கள் மட்டும் அங்கேயே கிடந்தன. முன்சில்லு ஒன்றில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாதாம்.

நெல்லுக்காரர் நல்ல மனுசன். ஓடி ஒளியவில்லை. மறுநாளே 40,000 ரூபாயோடு வந்தார். கூடவே ஒரு தாளும் கொண்டு வந்தார்: ‘இச்சம்பவம் தொடர்பாக இனிமேல் எவ்விதக் கோரிக்கையும் முன்வைக்க மாட்டேன்.’ மாமி வாங்கச் சொல்கிறார். நான் பொறுக்கச் சொல்லிவிட்டேன். பொலிஸுக்குப் போகவில்லை, ஏனென்றால் பைக்கின் இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு கிழமை. ஹெல்மெட்டும் தலையில் இல்லை, டாங்கியில் கிடந்தது. ஒளிக்காமல் எல்லாம் எழுதிவிட்டேன். என்ன செய்யலாம்?

பழைய கொண்டக்டர்

வாங்குங்க தம்பி. வாங்கிக்கொண்டு பிள்ளையின் காலைப் பாருங்க.

கல்முனை லைனில் 22 வருசம் பஸ்ஸில் நின்றவன் நான். பார்த்த விபத்துக்குக் கணக்கில்லை. வழக்குப் போட்ட ஆட்களும் தெரியும். தவணை, தவணை, மறுபடியும் தவணை. என் தங்கச்சி மகனுக்கு ஒரு விபத்து வழக்கு. அவன் கல்யாணம் கட்டி இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டான், வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. கையில் வந்த 40,000 நிச்சயம். கோர்ட்டில் வரப்போவது கனவு. அதைவிட, நாளைக்கு அதே ஊரில்தானே இருக்கப் போகிறீர்கள்? அந்த ஆளின் வயலில் உங்கள் சொந்தக்காரன் ஒருவன் வேலைக்குப் போகமாட்டானா?

கல்லடி வாணி

கொண்டக்டர் ஐயா, மன்னிக்கணும். மூன்று மாதம் மேசன் வேலை இல்லை என்றால் 40,000 எத்தனை நாளைக்கு? மேசனுக்கு ஒரு நாள் கூலி என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே. இரண்டு கிழமைக்குக் காணாது.

நல்ல மனுசன் என்கிறீர்கள். நல்ல மனுசன் ஏன் தாளோடு வந்தார்?

சம்மாந்துறை வயல்காரன்

எல்லாரும் சேர்ந்து விவசாயியின் தலையில் கட்டுங்க. நான் அந்தக் காக்காவோ அண்ணனோ யாரென்று தெரியாது, ஆனால் அவர் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

வாப்பா காலத்தில் நெல்லைக் கத்தியால் வெட்டி உப்பட்டி உப்பட்டியாக, அதாவது பிடி பிடியாக, போட்டுக் காயவிட்டு, சூடு வைத்து (கதிரைப் போராகக் குவித்து), பிறகு களவெட்டியில், அதாவது நெல்லடிக்கும் களத்தில், அடித்தார்கள். நெல் காய்வதற்கு அங்கேயே இடமும் நாளும் இருந்தன. இப்போது வெட்டுமெஷின் வருகிறது, ஒரு மணித்தியாலத்தில் ஏக்கர் முடிகிறது, ஈர நெல் மூட்டையில் ஏறுகிறது. நெல் சந்தைப்படுத்தல் சபை 14 சதவீத ஈரப்பதம் கேட்கிறது. 2024/25 மாரிப்போகத்துக்கு அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று சொன்னதும் காய்ந்த நெல்லுக்குத்தான். ஈரமாகக் கொண்டுபோனால் வியாபாரி மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறான். காயவைக்கத் தளம் எங்கே? களவெட்டி இருந்த இடத்தில் வீடு நிற்கிறது. வட்டைக்குள், வயல்வெளியில், நிலம் ஈரம். சூடான தார் வீதியை விட்டால் எங்களுக்கு வேறு களம் இல்லை.

கல் வைக்காவிட்டால் டிப்பர் நெல்லில் ஏறும். அந்தத் தம்பி லைட் போட்டு, மெதுவாக வந்திருந்தால் கல் கண்ணில் பட்டிருக்கும். ஹெல்மெட்டும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லையா?

கல்லடி வாணி

காக்கா, களம் இல்லாதது உண்மை. அதற்கு நானும் உங்களோடு நிற்பேன். ஆனால் நெல்லைக் காயவைக்கத்தான் வீதி இல்லாமல் முடியாது. நெல் போன பிறகு கல் எதற்கு? மூட்டை தூக்க நாலு பேர் வந்தார்கள். கல்லை உருட்டிவிட ஒருவருக்கும் கை வரவில்லை.

இன்னொன்று. அள்ளியது போக மிஞ்சிக் கிடக்கும் நெல்மணி தாரில் கிடந்தால் அதுவும் சில்லை வழுக்கும். அதைத் தின்ன இரவில் கட்டாக்காலி மாடு வந்து வீதியில் படுக்கும். அந்த மாட்டில் அடிபட்டு விழுந்தவர்களையும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

இரவு டியூட்டி மிஸ்

சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. உங்கள் மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எப்படி நடந்தது என்று என்ன சொன்னீர்கள்?

நான் விபத்துப் பிரிவில் வேலை செய்தவள், அதனால் கேட்கிறேன். பொலிஸுக்குப் பயந்து ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லும் ஆட்கள் அதிகம். நாங்கள் அதைத்தான் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் பதிவுத் தாளில், எழுதுவோம். ஆறு மாதம் கழித்துக் கல், நெல், வீதி என்று வந்து நின்றால் அந்த முதல் வரிதான் உங்களுக்கு எதிராகப் பேசும். சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா? ஆஸ்பத்திரிப் பொலிஸில் வாக்குமூலம் உண்டா?

காலைத் தூக்கிய விதத்தையும் சொல்லுங்கள். அதிகம் பேர் முறிந்த காலோடு ஆட்டோவில் மடித்துத் திணித்துக்கொண்டு வருவார்கள். எலும்பு முனை உள்ளே நரம்பையும் இரத்தக் குழாயையும் கிழிக்கும். 1990 இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது வரும் வரைக்கும் ஆளை அசைக்காமல், முறிந்த காலுக்கு இரண்டு பக்கமும் பலகையோ தென்னை மட்டையோ வைத்து, இரத்த ஓட்டம் தடைப்படாமல், ஆனால் கால் அசையாதபடி கட்டினால் போதும். நேராக்கப் பார்க்கக் கூடாது.

எழுவான்கரையான்

மிஸ், நல்ல வேளை, ‘பைக்கில் விழுந்தது’ என்றுதான் சொன்னோம். கல்லைச் சொல்லவில்லை. ஆட்டோவில்தான் கொண்டுபோனோம். மடித்துத்தான். இப்போது நினைக்க வயிற்றைப் பிசைகிறது.

இரவு டியூட்டி மிஸ்

அப்படியென்றால் பிந்தவில்லை. போய் முழுவதையும் சொல்லி முறைப்பாடு பதியுங்கள். அந்த இடத்தைப் போனில் படம் எடுத்தீர்களா?

சட்டம் படிக்கிறவன்

நான் இன்னும் சட்டத்தரணி இல்லை. அதனால் இதை வைத்துக்கொண்டு யாரிடமும் போய்ச் சண்டை போடாதீர்கள், ஒரு சட்டத்தரணியிடம் கேட்பதற்கான கேள்விகளாக எடுங்கள்.

அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் கதை அனேகமாக அதோடு முடியும். பிளேட் கழற்ற இரண்டாவது ஒப்பரேஷன் வந்தாலும், கால் ஒரு அங்குலம் கட்டையானாலும், பிறகு கேட்க முடியாது. எலும்பு பொருந்தியதா என்றே தெரியாத நாளில் விலை பேசுவது சரியில்லை. காசை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘வைத்தியச் செலவுக்காக 40,000 பெற்றுக்கொண்டேன், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதி இருவரும் கையெழுத்து வைக்கலாம். நெல்லுக்காரர் உண்மையில் நல்ல மனுசன் என்றால் இதற்கு ஒத்துக்கொள்வார்.

வழக்கென்று போனால், இன்னொருவரின் கவனயீனத்தால் வந்த காயத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். காலக்கெடு இரண்டு வருடம். 1871 ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ‘பார்ப்போம், பேசுவோம்’ என்று இழுத்தடித்து இரண்டு வருடத்தைத் தின்னவிட்டவர்கள் நிறையப் பேர்.

வயல்காரன் காக்கா கேட்டதும் நியாயமான கேள்விதான். அடிபட்டவர் பக்கமும் பிழை இருந்தால் அந்தக் காலத்தில் கேஸ் விழுந்துபோகும் நிலை இருந்தது. 1968 இல் வந்த சட்டத்தின் பிறகு அப்படி இல்லை. பிழையை நீதிமன்றம் பங்குபோடும், அந்தப் பங்குக்குத் தக்கபடி தொகை குறையும். வேகமாக வந்தார், லைட் போடவில்லை என்று நிரூபித்தால் குறையும். ஆனால் ஹெல்மெட் போடாததால் கால் முறிவதில்லை. அது பொலிஸ் தண்டம் போடும் குற்றம், இந்தக் காயத்துக்குக் காரணம் இல்லை. இன்சூரன்ஸ் முடிந்ததும் அதே மாதிரித்தான். தண்டம் கட்டவேண்டி வரலாம். அந்தப் பயத்தில் முறைப்பாடே போடாமல் விட்டால் பெரியதை இழந்து சின்னதைக் காப்பாற்றியதாகும்.

அத்தோடு, இன்சூரன்ஸ் இருந்திருந்தாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இவருக்கு உதவியிருக்காது. அது உங்கள் வாகனம் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு. தன் பைக்கிலிருந்து தானே விழுந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பலருக்கும் இது தெரியாது.

சம்மாந்துறை வயல்காரன்

அப்போ நான் வீடு விற்று நட்டஈடு கட்டணும். வீதி யாருடையது? பிரதேச சபை எங்கே போனது? வீதி அபிவிருத்தி அதிகார சபை எங்கே போனது? வருசா வருசம் அதே இடத்தில் நெல் காய்கிறது, எல்லா அதிகாரியும் அதைச் சுற்றித்தான் ஜீப் ஓட்டிப் போகிறார்கள்.

சட்டம் படிக்கிறவன்

இதில் நான் உங்களோடு. வீதி யாருடைய பொறுப்பு என்பது அதன் வகுப்பைப் பொறுத்தது. ஏ, பி வகுப்பு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்வீதி என்றால் பிரதேச சபை. தெரிந்தும் விட்டார்கள் என்று அவர்களையும் சேர்க்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேட்கலாம். ஆனால் சபைகள் மீது வழக்குப் போட முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், அதற்கான காலமும் குறுகியது. இரண்டு வருடம் இருக்கிறதென்று நினைத்திருக்க முடியாது. வீதியில் ஆபத்து இருக்கும்போதே அதை அகற்றும்படி நீதவான் நீதிமன்றம் கட்டளையிடவும் வழி உண்டு. அதை விபத்துக்கு முன்னாலேயே யாராவது செய்திருக்கலாம். செய்யவில்லை.

பழைய கொண்டக்டர்

பாருங்க, நெல்லுக்காரர், சபை, அதிகார சபை, மூன்று எதிராளி. மூன்று சட்டத்தரணி. நான் சொன்ன இழுவை இன்னும் நீளும். படிப்பு வேற, ஊர் வேற தம்பி.

சரி, ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம். மத்தியஸ்த சபைக்குப் போங்க. அங்கே சட்டத்தரணி இல்லை, செலவு இல்லை, ஊர் மனுசர்தான் இருப்பார்கள். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசலாம்.

சட்டம் படிக்கிறவன்

அதை நானும் சொல்ல வந்தேன் ஐயா. சிறு தொகைப் பிணக்கென்றால் எப்படியும் முதலில் அங்கேதான் அனுப்புவார்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

கொந்தராத்துத் தம்பி

எல்லாரும் நெல்லைச் சுற்றியே நிற்கிறீர்கள். ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தீர்களா? வேலையிலிருந்து வீட்டுக்கு.

நான் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறேன், அதனால் இது எனக்கு வயிற்றெரிச்சலான விசயம். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது. 2022 இல் திருத்தினார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். உச்சத் தொகை ஐந்தரை இலட்சமாக இருந்தது இருபது இலட்சமாயிற்று. இதில் கொந்தராத்துக்காரனின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. நட்டஈட்டு ஆணையாளரிடம் போகவேண்டும். நாட்கூலி, எழுத்தில் ஒன்றும் இல்லை என்பதெல்லாம் தடையில்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். அன்று வேலைக்குப் போனதைக் காட்ட ஆள் வரவுக் கொப்பி, கூட வேலை செய்தவர்கள், கூலி பற்றிய போன் மெசேஜ் ஏதும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கொண்டக்டர்

இப்போ கொந்தராத்துக்காரனும் எதிராளியா! அந்த மனுசன் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவானா?

கொந்தராத்துத் தம்பி

கூப்பிடாமலும் விடலாம் ஐயா. பொய் சொல்ல மாட்டேன். நானே முதலில் முகம் சுளிப்பேன். ஆனால் என் ஆளுக்கு இப்படி நடந்து, நான் ஒரு பழப் பையோடு போய் வந்தால் போதுமா என்று எனக்கே தெரியாது. நெல்லுக்காரர் மேல் ஒன்று, கொந்தராத்துக்காரர் மேல் ஒன்று என்று இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியுமா, முடியாவிட்டால் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டு முடிவு எடுங்கள்.

சம்மாந்துறை வயல்காரன்

கல்லுக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. திட்டினது போதும், அதைச் சொல்லுங்க.

கல்லடி வாணி

வெறும் பிளாஸ்டிக் கேன், மேலே வெள்ளைத் துணி. சில்லு ஏறினால் கேன்தான் பறக்கும். வைக்கும்போது எண்ணி வையுங்க காக்கா, எடுக்கும்போது எண்ணி எடுங்க. பொழுது படுவதற்கு முன் அள்ளி, கடைசியாக ஈர்க்கிலால் கூட்டிவிடுங்க. வளைவில் போடாதீங்க.

சம்மாந்துறை வயல்காரன்

கேன் காற்றுக்குப் போகும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டால் நிற்கும். சரி, பார்க்கிறேன்.

எழுவான்கரையான்

நாலு நாளாக எழுதவில்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டாயிற்று. இன்சூரன்ஸுக்கும் ஹெல்மெட்டுக்கும் தனியாகப் பார்ப்போம் என்றார்கள். மிஸ் கேட்ட படம் இல்லை, ஆனால் பக்கத்து வளவுக்காரர் கல்லைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தார். நெல்லுக்காரரிடம் தாளை மாற்றி எழுதலாமா என்று கேட்டோம். முகம் மாறிவிட்டது. ‘மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று காசோடு திரும்பிப் போய்விட்டார். மாமி என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

கொந்தராத்துக்காரர் விசயத்தை மச்சானிடம் சொன்னேன். ‘அவர்தான் எனக்கு வேலை பழக்கினவர்’ என்றார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. திங்கள் சட்ட உதவி நிலையத்துக்குப் போகிறேன். வரவுக் கொப்பியை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.