வடசென்னை நோயாளிகளின் சுகாதார எழுத்தறிவை எந்தக் கருவியால் அளப்பது?

கேள்வி: செவிலியர் முதுநிலை மாணவி, தண்டையார்பேட்டை

வணக்கம். தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிகளில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்ந்து மாத்திரை வாங்குவோரின் சுகாதார எழுத்தறிவை, அதாவது மருத்துவத் தகவல்களைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறனை, அளப்பது என் ஆய்வின் நோக்கம். 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்கச் செய்யும் 'ரியால்ம்' கருவி மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், புறநோயாளிகள் வரிசையிலேயே அதைப் பயன்படுத்தலாம் என்கிறார் என் வழிகாட்டி. ஆனால் சொற்களைத் தமிழாக்கி 10 பேரிடம் சோதித்தபோது, பள்ளிக்குச் சென்ற அனைவருமே ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்றார்கள். அவர்களுள் ஓர் அம்மா 'வெறும் வயிறு' என்பதைத் தடையின்றி வாசித்துவிட்டு, அன்று காலை டீ மட்டும் குடித்துவிட்டுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்ததாகச் சொன்னார். என் மொழிபெயர்ப்பில் பிழையா, அல்லது கருவியே பொருந்தவில்லையா?

பதில் 1: பொது சுகாதார ஆய்வாளர்

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ரியால்ம் ஆங்கிலத்துக்கென அமெரிக்காவில் உருவானது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சீரற்றது என்பதால், சொல்லை முன்பே அறிந்தவரே பெரும்பாலும் அதைச் சரியாக உச்சரிப்பார் என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. தமிழிலோ, எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்பதைப் பொருள் அறியாமலே வாசித்துவிடுவார். ஸ்பானிய மொழியிலும் இதே இடர் இருந்ததால்தான், 2006இல் அதற்கென 50 சொற்களில் ஒரு கருவியை அமைத்தவர்கள், வாசித்த சொல்லோடு தொடர்புடைய சொல்லையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

1995இல் வந்த 'டோஃப்லா' உங்கள் நோக்கத்துக்கு நெருக்கமானது. அதில் கோடிட்ட இடம் நிரப்பும் 50 வினாக்களும், மருந்துச் சீட்டு, அடுத்த வருகை நாள் போன்றவற்றை வைத்துக் கேட்கும் 17 எண் வினாக்களும் உண்டு. முழுமையாக நடத்த 22 நிமிடம் வரை ஆகும். 1999இல் வெளிவந்த சுருக்க வடிவம் உண்டு. ஆனால் வாசிக்கவே தெரியாதவர்கள் இதில் பூஜ்யமாகிவிடுவார்கள். அவர்களை விட்டுவிட்டு நடத்தும் ஆய்வை நான் ஏற்க மாட்டேன்.

பதில் 2: நகர்ப்புறச் செவிலியர், வியாசர்பாடி

வரிசையில் வைத்துக் கேட்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். டோக்கன் போய்விடுமோ என்ற பதற்றத்திலும், கண்ணாடி கொண்டுவராத கூச்சத்திலும், 'புரிஞ்சிடுச்சு சிஸ்டர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வீட்டுக்கே சென்று, மாத்திரைகளைப் பாயில் பரப்பி, இன்றிரவு எவற்றை விழுங்குவீர்கள் என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சீட்டிலுள்ள 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்பதை யார் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, டோஃப்லாவில் காலை 7 மணிக்கு முதல் மாத்திரை போட்டால் அடுத்தது எப்போது என்று கேட்கும் வினா உண்டு. காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விடியுமுன்பே கிளம்பும் பெண்களுக்கு 7 மணி என்பது பாதி நாள் உழைத்து முடித்த நேரம். அவர்கள் 'காலை மாத்திரை' என எதைக் கொள்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: புள்ளியியல் ஆசிரியர்

ஐஸ்கிரீம் டப்பாவின் ஊட்டச்சத்து விவரத்தைக் காட்டி ஆறு வினா கேட்கும் 2005ஆம் ஆண்டின் 'என்.வி.எஸ்.' கருவியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஐஸ்கிரீமுக்குப் பதிலாக பிஸ்கட் பொட்டலத்தை வைத்தாலும் தவறில்லை. ஆனால் அப்படி மாற்றியபின், நான்கோ அதற்கு மேலோ பெற்றால் போதிய எழுத்தறிவு என்ற பழைய வரம்பை அப்படியே எடுத்தாள முடியாது. முதலில் சிலரிடம் வினாவை அவர்கள் சொற்களிலேயே திருப்பிச் சொல்லக் கேட்டுத் திருத்திக்கொண்டு, பின்னர் அதே நபர்களிடம் இரண்டு வாரம் கழித்து மீண்டும் நடத்தி ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ரியால்மை விட்டுவிடுகிறேன். எண் வினாக்களை வாய்மொழியாகக் கேட்டு, மாத்திரைகளை எடுத்துக் காட்டச் சொல்லும் பகுதியைச் சேர்த்து, வாசிக்கத் தெரியாதவர்களின் விடைகளைத் தனியே பகுத்தாராயப் போகிறேன். டீ குடித்துவிட்டு வந்த அந்த அம்மாவிடமே முதலில் சோதித்துப் பார்க்க, அவருடைய சம்மதத்தையும் கேட்டிருக்கிறேன்.