புரொப்பேன் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களே, உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தென்றல்வீடு:
ஆர்-290 மோனோபிளாக். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டு நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இது. ஆர்-290 என்றால் குளிர்பதன வாயுவாக ஓடும் புரொப்பேன். வாயு முழுவதும் வெளிப்பெட்டிக்குள்ளேயே இருக்கும், வீட்டுக்குள் வருவது சுடுநீர் மட்டும். வெளிப்பெட்டிக்கு மேடை கட்டி முடித்த பிறகுதான் நிறுவுநரை அழைத்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவேயில்லை. மேடையருகே மண்டியிட்டு, தரையோடு ஒட்டியிருந்த நிலவறை ஜன்னலுக்குள் கையை நுழைத்துக் காட்டினார். "கசிந்தால் இங்கேதான் இறங்கும்." புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளம் பார்த்துத் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அவரிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். பிறகு மேடையை இடித்து மறுபக்கம் கட்டினோம். இரண்டு குளிர்காலம் போய்விட்டது, வீடு கதகதப்பாக இருக்கிறது. அந்தக் கை உள்ளே போன காட்சி மட்டும் நினைவைவிட்டு நீங்கவில்லை.

செம்புக்குழாய்:
இது என் தொழில். அவர் செய்தது முற்றிலும் சரி. எனக்கு நேர்ந்தது வேறு. பழைய இயந்திரம், தகட்டில் ஆர்-22 என்று இருந்தது, அது எரியாத பழைய குளிர்பதன வாயு. அழுத்தமானியிலும் ஐயம் எழவில்லை. ஆர்-22, புரொப்பேன் இரண்டின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. வாயுவை எடுத்துவிட்டு, பற்றவைத்த இணைப்பைச் சூடாக்கிப் பிரிக்கத் தீ உமிழும் டார்ச்சை நீட்டினேன். குழாய் வாயில் நீலமாக ஒரு நாக்கு எழுந்தது. கம்ப்ரஸர் எண்ணெயில் கரைந்திருந்த மிச்சம். எனக்கு முன் வந்த எவரோ புரொப்பேனை நிரப்பிவிட்டு ஒரு சொல்கூட எழுதி ஒட்டாமல் போயிருக்கிறார். குளிர்பதனப் புரொப்பேனில் மணமூட்டி கிடையாது, மூக்கும் உதவாது. நைட்ரஜன் செலுத்திக் கழுவாமல் தீயைக் கொண்டுபோனது என் தவறு. ஆனாலும் புரொப்பேனை விட்டுக்கொடுக்க மாட்டேன். பல இயந்திரங்களில் உள்ள ஆர்-410ஏ வாயுவின் புவி வெப்பமூட்டும் திறன், கரியமில வாயுவை 1 எனக் கொண்டால், 2,088. இதற்கு 3-ஐத் தாண்டாது.

பனிமூட்டம்:
இவ்வளவு அச்சத்தோடு புரொப்பேன் எதற்கு? கரியமில வாயு, அதாவது ஆர்-744, எரியவே எரியாது. எங்கள் சுடுநீர்த் தொட்டிக்கு அதுதான். நிறுவுநரின் கருவியில் அழுத்தம் 100 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கைத் தாண்டியபோது நான் இரண்டடி பின்வாங்கினேன். ஆனால் சில்லிட்ட நீரை ஒரே ஓட்டத்தில் 65 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறது.

சாம்பல்குருவி:
பனிமூட்டம், தொட்டிக்கு அது பொருந்தும். அறைகளுக்கும் அதையே சொல்லாதீர்கள். கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. அறையைச் சூடாக்கும் சுடுநீர்ப் பலகையான ரேடியேட்டரிலிருந்து நீர் 40 டிகிரியில் திரும்பினால் வாயு போதிய அளவு குளிராது, செயல்திறன் சரியும்.

எங்கள் புரொப்பேன் இயந்திரம் 70 டிகிரி தரும் என்ற தைரியத்தில் பழைய ரேடியேட்டர்களை 65-இல் ஓட்டினேன். மின்கட்டணத்தைப் பார்த்த இரவு உறக்கமில்லை. அதனால் சொல்கிறேன்: முடியும் என்பதற்காக ஏற்றி வைக்காதீர்கள். நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி இறக்கினால் மின்செலவு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள். எந்த அறை முதலில் குளிர்கிறதோ அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் மாட்டினால் போதும். அறை வால்வுகளை மூடி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நீரோட்டம் குறைந்து இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும். இன்னொன்று, மோனோபிளாக்கில் வெளியே போவது நீர்க்குழாய். கடுங்குளிரில் மின்சாரம் நின்றால் உறைந்து வெடிக்கும். உறையும் முன் நீரை வெளியேற்றிவிடும் உறைவுத் தடுப்பு வால்வு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தென்றல்வீடு:
இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன். செம்புக்குழாய், அந்தப் பழைய இயந்திரம் என்ன ஆயிற்று?

செம்புக்குழாய்:
மறுபடி நிரப்ப மறுத்துவிட்டேன். ஆர்-22-க்கு வடிவமைத்த மின்பெட்டியில், மின்னிணைப்பைப் போட்டு அணைக்கும் ரிலே பொறி தட்டும். அங்கே புரொப்பேன் இருக்கவே கூடாது. "இத்தனை வருடம் நன்றாகத்தானே ஓடியது" என்றார் வீட்டுக்காரர். அத்தனை வருடமும் அது அவருடைய குழந்தைகள் உறங்கும் அறைச் சுவரை ஒட்டித்தான் இருந்தது.