ஈரமணலில் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது: புது மாடல் வரும் வரை பொறுக்கலாமா?

முட்டத்துக்காரன்

வணக்கம். என்னிடம் இருப்பது 7 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை மெட்டல் டிடெக்டர். தோப்பில் டில்லர் ஓட்டுவதற்கு முன்னால் ஆணி, கம்பித் துண்டு பொறுக்க வாங்கினேன். அந்த வேலைக்குக் குறையே இல்லை. கடற்கரையிலும் உலர்மணல் வரை சரி. அலை தொட்டுப் போகும் இடத்துக்கு அதன் காயிலை, அதாவது தரைமேல் ஆட்டும் வட்டத் தலையை, கொண்டுபோனால் போதும், ஒரே கத்தல்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கால் நனைக்க இறங்கி மோதிரத்தைத் தொலைத்துவிட்டான். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. முக்கால் பவுன், 22 காரட். எங்கள் பக்கத்துக் கறுமணல் பற்றி உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. சோதனைக்கு உலர்மணலில் ஒரு ரூபாய் நாணயத்தை நாலு விரல் ஆழத்தில் புதைத்துப் பார்த்தேன். மிஷின் வாயே திறக்கவில்லை. பழுதா?

பல அலைவரிசையும் பல்ஸும் ஒன்றாகச் சேர்ந்த மாடல் வரப்போகிறது, தங்கத்தை மட்டும் பிரித்துச் சொல்லும், இரண்டு மடங்கு ஆழம் போகும் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். அதுவரை பொறுக்கலாமா, இப்போதே ஏதாவது வாங்கவா?

காந்தக்கல்

முதலில் அந்த நாணயத்தை ஒரு காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். 1992-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் எஃகுதான். ஆணியை ஒதுக்கும் அமைப்பில் வைத்திருந்தால் மிஷின் அதையும் ஆணிக் கணக்கில் தள்ளிவிடும். 2007-ஐ ஒட்டி வந்த சில 5 ரூபாயும் அப்படியே. 10 ரூபாயை வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாருடைய மோதிரத்தையாவது நூலில் கட்டிப் புதையுங்கள். நூல் முக்கியம். சோதனைக்குப் புதைத்த மோதிரத்தைத் தேடி அலைந்தவன் நான்.

போனை வண்டியில் வைத்துவிட்டு, காயிலை ஆட்டாமல் காற்றில் பிடித்தால் கத்துகிறதா?

முட்டத்துக்காரன்

காற்றில் அமைதி. 10 ரூபாய்க்கு ஒரு சாண் ஆழத்திலும் தெளிவாகச் சத்தம் வந்தது. ஆக, மிஷினில் பழுதில்லை. ஈரத்தில் மட்டும் பழைய கதைதான்.

கறுமணல்

உங்கள் ஊர் மணலில் இரண்டு தொல்லை. ஒன்று உப்புத் தண்ணீர். அது மின்சாரம் கடத்தும், அதனால் மிஷினுக்கு அதுவும் ஓர் உலோகம் மாதிரித் தெரியும். இன்னொன்று மணவாளக்குறிச்சிப் பக்கம் தோண்டி எடுக்கிறார்களே, அந்த இல்மனைட் என்ற கறுப்புத் தாது. அதற்குக் காந்தக் குணம். ஒற்றை அலைவரிசை மிஷினில் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சத்தத்தை அடக்கும் அமைப்பை, உப்புக்குச் சரி செய்தால் கறுமணல் கத்தும், கறுமணலுக்குச் சரி செய்தால் உப்பு கத்தும். இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்க அதற்கு வழியில்லை. ஒரே நேரத்தில் பல அலைவரிசை அனுப்பும் மிஷின் வரும் பதில்களை ஒப்பிட்டு இரண்டையும் கழித்துவிடும். இது நாளைக்கு வரப்போகும் அதிசயம் இல்லை. மைன்லேப் நிறுவனம் 1990களிலேயே இதைச் செய்தது. 2018-ல் அவர்களுடைய ஈக்வினாக்ஸ் மாடல் வந்தபோது நடுத்தர விலைக்கு இறங்கியது. அப்புறம் நோக்டா லெஜண்ட், 20 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் எக்ஸ்பி டியூஸ் 2 எல்லாம் அதே வழிதான்.

பல்ஸ் மிஷின் வேறு மாதிரி. சட்டென்று ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். உப்பின் பதில் சீக்கிரம் அடங்கிவிடும், கனமான மோதிரத்தின் பதில் கொஞ்சம் நீடிக்கும். உப்பை விலக்க அதிக நேரம் காத்திருந்தால் மெல்லிய சங்கிலியின் பதிலும் அதோடு போய்விடும். இரும்பு எது, மற்றது எது என்று பிரிப்பதிலும் பல்ஸ் ரொம்பவே மட்டம். இந்த இரண்டு முறையும் ஒரே காயிலில் வந்தால் உங்கள் மாதிரிக் கரைக்கு அருமைதான், வரவும் கூடும். நான் அவநம்பிக்கைக்காரன் இல்லை.

ஆனால் "தங்கத்தை மட்டும்" என்பதை நம்பாதீர்கள். மிஷினுக்கு நிறம் தெரியாது. பொருளின் அளவு, தடிமன், மின்கடத்தல் எல்லாம் சேர்ந்து ஓர் எண்ணாக வருகிறது. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் சின்னத் தோடும் அங்கே ஒரே எண்ணில் நிற்கும். வெளிநாட்டு வீடியோவில் காட்டும் தங்க எண்ணும் நமக்கு ஒத்து வராது. அவர்கள் போடுவது பெரும்பாலும் 10, 14 காரட். நம் 22 காரட் அதைவிட நன்றாகக் கடத்தும்.

இரண்டு மடங்கு ஆழம் என்பது இன்னும் வேடிக்கை. காயிலில் இருந்து போகும் காந்தப்புலம், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது, மோதிரத்தில் இருந்து திரும்புவதும் அப்படியே. ஆழம் இரட்டித்தால் சமிக்ஞை 64-ல் ஒரு பங்கு. இதை எந்த மென்பொருள் வந்து சரிக்கட்டும்?

வன்னியான்

கிளிநொச்சிப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் சில வருசம் இருந்தனான். அங்கே எங்களுக்குத் தலையிடி கொடுத்தது உலோகம் மிகக் குறைவாக உள்ள வெடிகள்தான். பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே கொஞ்சமாய் இரும்பு. டிடெக்டரோடு தரை ஊடுருவும் ராடரும் சேர்ந்த இரட்டைக் கருவிகள் இந்தத் துறையில் ஏற்கெனவே உண்டு. சத்தம் வந்த இடத்தில் பொருளின் பருமனை ராடரால் பார்க்கலாம், ஆணியா பெரிய பொருளா என்று ஊகிக்கலாம். பொழுதுபோக்கு மிஷினுக்கு இது இறங்கினால் வயலில் குழாய் தேட உதவும் தம்பி. ஆனால் உப்பு நனைந்த மணலில் ராடர் அலை உள்ளே போகாது. உங்கட மோதிரத்துக்கு அது பயன்படாது.

எட்டணா

மோதிரம் உங்களுக்காகக் காத்திருக்குமா? ஒவ்வோர் அலைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும். புது மாடல் பெட்டியைப் பிரிக்கும்போது அது எந்த ஆழத்தில் கிடக்குமோ!

தேடும்போது பழைய காசு, சிலை என்று ஏதாவது தட்டுப்பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோவில், கோட்டை மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் மண்ணையே தொடாதீர்கள்.

கறுமணல்

எட்டணா சொல்வது சரி. இருக்கிற மிஷினோடு நாளைக்கே போங்கள். தண்ணீர் நன்றாக இறங்கிய நேரமாகப் பாருங்கள். சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் குறையுங்கள். பேலன்ஸை ஈரமணலின் மேலேயே செய்யுங்கள். உலர்மணலுக்கும் ஈரத்துக்கும் மாறி மாறிப் போகாமல் கரைக்கு இணையாக நடங்கள், காயிலையும் அதே திசையில் ஓட்டுங்கள். ஈரம் ஒரே மாதிரி இருந்தால் கத்தல் பாதி குறையும். காயில் மணலில் உரசாமல் இரண்டு விரல் மேலே இருக்கட்டும். ஆழம் கொஞ்சம் போகும், போகட்டும். சின்னக் காயில் இருந்தால் அதை மாட்டுங்கள், ஒரு நேரத்தில் குறைந்த மணலைத்தான் பார்க்கும்.

அப்படியும் முடியாவிட்டால் பல அலைவரிசை மிஷின் வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

முட்டத்துக்காரன்

இரண்டு நாள் போனேன். கரைக்கு இணையாக நடந்ததும் நிஜமாகவே அடங்கியது. அவ்வப்போது முனகுகிறது, அவ்வளவுதான். மச்சினன் நின்ற இடத்தைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பார்த்தோம். சோடா மூடி ஏழு, தூண்டில் ஈயம் ஒரு கைப்பிடி, 10 ரூபாய் ஒன்று. மோதிரம் இன்னும் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒருவர் லெஜண்ட் தருகிறேன் என்றிருக்கிறார், சனிக்கிழமை அதோடு போகிறோம்.

அரை முழ ஆழத்தில் ஒற்றை மெட்டி ஒன்றும் கிடைத்தது. வெள்ளி, தேய்ந்திருக்கிறது. முட்டத்தில் தொலைத்தவர்கள் யாராவது இருந்தால் எத்தனை சுற்று, மேலே என்ன பூ என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.