ஒன்பது முறை சுழன்ற பணம்

பங்குத் தரகு நிறுவனமொன்றில், வாடிக்கையாளர்களை அழைத்துப் பேசி அவர்களுக்காகப் பங்குகளை வாங்கி விற்கும் டீலராக 23 வயதில் நான் சேர்ந்த முதல் வாரத்தில், எங்கள் குழுத்தலைவர் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை கடன் வாங்கியாவது ஒரு நல்ல கார் வாங்கிவிடு என்பதுதான். என்மீது கொண்ட அக்கறையால் சொல்கிறார் என்று அப்போது நம்பினேன். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும் டீலர்தான் வாடிக்கையாளரை நாளுக்கு நாற்பது முறை அழைப்பான் என்ற கணக்கு, ஓராண்டு கழித்தே எனக்குப் புரிந்தது.

சந்தை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிடுவோம். வணிகம் நடக்கும் நேரத்தில் இருக்கையை விட்டு எழுவதே அரிது. முடிந்த பின் கணக்குகளைச் சரிபார்த்து, மறுநாள் யாரை அழைப்பது என்று பட்டியலிட்டுக் கிளம்பும்போது இரவாகியிருக்கும். மாதக் கடைசியில், ஈட்டித்தந்த தரகுக்கேற்ற ஊக்கத்தொகையான இன்சென்டிவ் வந்ததும் அதில் பாதி ஒரே இரவின் மதுவிருந்தில் கரையும். யார் அதிகம் செலவழித்தார் என்பதே மறுநாள் பேச்சாக இருக்கும். 1995இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்தபோது, தவறாக நடந்த வணிகங்களைப் பதிவதற்கான, 88888 என்ற எண்ணுள்ள பிழைக் கணக்கில் 80 கோடி பவுண்டுக்கும் மேலான நட்டத்தை மறைத்து வைத்திருந்த அவ்வங்கியின் வணிகர் நிக் லீசனுக்கு வயது 28. அந்தக் கதையை எங்கள் விருந்துகளில் ரசித்து ரசித்துச் சொல்வார்கள் (நானும் சொல்லியிருக்கிறேன்).

என்னிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கணக்கு இருந்தது. என்னைத் தம்பி என்றே அழைப்பார்; நான் சொல்வதை மறுத்ததில்லை. வாங்கினாலும் விற்றாலும் எங்களுக்கு 1 விழுக்காடு தரகு. ஓராண்டில் அவர் போட்ட முதல் முழுவதும் ஒன்பது முறை சுழன்றிருந்தது; அதாவது, அவ்வளவு பணத்துக்கும் ஒன்பது முறை பங்குகள் வாங்கி விற்கப்பட்டிருந்தன. தரகாக மட்டும் ஏறத்தாழ 18 விழுக்காடு போயிருந்தது. அவ்வளவு லாபம் வந்தால்தான் போட்ட பணமாவது அவருக்கு மிஞ்சும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் போட்ட பணம் இப்படிச் சுழன்றாலே, தரகுக்காகச் செய்யப்பட்ட மிகை வணிகமோ என்று ஐயுறும் வழக்கம் உண்டு. இதைத் தேர்வுக்காகப் படித்திருந்தேன். ஆனால் அதிகத் தரகு ஈட்டியவர்களை வரிசைப்படுத்தும் கரும்பலகையில் என் பெயர் முதலிடத்தில் இருந்த மாதங்களில் அது நினைவுக்கு வரவில்லை.

உள்தணிக்கையின்போது, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவின் அதிகாரி என்னை அழைத்து, ஆசிரியருடன் நான் பேசிய ஓர் உரையாடல் பதிவை ஓடவிட்டார். அவர் ஒரு சொல்கூடக் கண்டிக்கவில்லை. "இப்போது விற்கத்தான் வேண்டுமா, தம்பி?" என்று ஆசிரியர் மூன்று முறை கேட்கிறார், ஒவ்வொரு முறையும் அவர் கேள்வி முடியும் முன்பே நான் பேசத் தொடங்கிவிடுகிறேன். விதிப்படி ஒப்புதல் வாங்கியிருந்ததால் என்மீது நடவடிக்கை ஏதும் இல்லை.

மறுநாள் அவரை அழைத்து, பங்குகளை இனி அசைக்காமல் வைத்திருக்கும்படி சொன்னேன். "சரி தம்பி" என்றார், காரணம் கேட்கவில்லை. அந்த மாதம் என் பெயர் பலகையில் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஆண்டு முடியும் முன் காரை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, கணக்குச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.